நீராவி ஆட்டோவுக்கு நல்ல நேரம்

எங்கள் வீட்டில் ஆவி என்ற சொல்லுக்குத் தடை இருந்தது. இட்லிச் சட்டியைத் திறக்கும்போது முகத்தில் அடிப்பதைக்கூட அம்மா புகை என்றுதான் சொல்வாள். சாவு, பிணம், வெடிப்பு, சரிவு எல்லாமே அந்தத் தடையில் அடக்கம். நாங்கள் இருந்தது மண்சரிவுக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒன்று. பழைய லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த யாரோ ஒருவர், ஒரு மழை நாளில், இந்த மலை ஒருநாள் நம் தலையில்தான் உட்காரப்போகிறது என்று விளையாட்டாகச் சொன்னாராம். சொன்ன வாரமே மலை இறங்கிவிட்டதாம். அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் மலையும் இருந்த இடத்தில் இருந்திருக்கும் என்பதில் அம்மாவுக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. அதனால் வாயில் அபசகுனமாக எது வந்தாலும் உடனே எழுந்து போய் வாய் கொப்பளிக்க வேண்டும். நான் கொஞ்சம் வாயாடி. பின்வாசலில் நான் கொப்பளித்துத் துப்பிய தண்ணீரிலேயே ஒரு வல்லாரைப் பாத்தி செழித்து நின்றது.

ஆகவே மாமா நீராவி வண்டி செய்யத் தொடங்கியபோது வீட்டில் எழுந்த முதல் ஆட்சேபம் வண்டியைப் பற்றியதல்ல, அதன் பெயரைப் பற்றியது. மாமா சண்டை பிடிக்கவில்லை. "சரிக்கா, ஸ்டீம்னு சொல்லிட்டுப் போறேன்" என்றார். இங்கிலீசில் சொன்னால் அம்மாவின் தெய்வங்களுக்கு விளங்காது என்று நினைத்தாரோ என்னவோ, அதன் பிறகு வீட்டில் எல்லாருக்கும் அது ஸ்டீம்தான்.

மாமா அம்மாவுக்கு நேர் இளையவர். அவரும் அத்தையும் அடுத்த வீட்டில் இருந்தார்கள். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிறவர். ஆகையால் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஆம்பிளை என்றால் மாமாதான். முன்பு தேயிலைத் தொழிற்சாலையில், ஸ்டோர் என்று நாங்கள் சொல்வோம், மெஷின்கள் பழுது பார்க்கிற வேலையில் இருந்தார். பிறகு அதை விட்டுவிட்டு ஒரு ஆட்டோ எடுத்து பெரகல சந்தியில் ஓடினார். நாடே பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற அந்த வருஷம், இரண்டு நாள் வரிசையில் கிடந்து, தன் முறைக்கு நாலு வண்டி இருக்கும்போது பெட்ரோல் செட்டில் கையிருப்பு தீர்ந்துபோய், ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு வந்து பலாமரத்தடியில் நிறுத்தினார். மூன்றாவது வாரம் அம்மாவின் கோழி அதன் பின்சீட்டில் முட்டையிட்டது.

அத்தைக்கு அப்போது மூன்றாம் மாதம். அதற்கு முன்னால் ஒரு பிள்ளை, ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வண்டியும் கிடைக்காமல் ரோட்டோரத்தில் காத்திருந்த நேரத்தில், தவறிப்போயிருந்தது. மாமா ஸ்டோர் வேலையை விட்டு ஆட்டோ எடுத்ததே அதற்குப் பிறகுதான். ஆஸ்பத்திரி மேலே டவுனில் இருந்தது. பெரகலையிலிருந்து அங்கே போகிற ரோடு முழுக்க ஏற்றமும் வளைவும். இந்த முறை அத்தையைத் தன் வண்டியில்தான் கொண்டுபோவேன், எவன் வாசலிலும் போய் நிற்கமாட்டேன் என்று மாமா சொல்லிவிட்டார். பெட்ரோல் இல்லை என்பது அந்தப் பேச்சில் ஒரு காரணமாகவே வரவில்லை.

அவருடைய போனுக்குள் ஒரு கூட்டம் இருந்தது. உலகத்தின் பல மூலைகளில் இருக்கிற வயதான ஆம்பிளைகள், பேரப்பிள்ளைகளோடு விளையாட வேண்டிய வயதில், வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு நீராவிக் கார் செய்கிறார்கள். செய்ததோடு விடாமல் அதை வீடியோவும் எடுத்துப் போடுகிறார்கள். ஒருவர் ஒரே ஒரு திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசுவார். மாமா இரண்டு வருஷமாக ராச்சாப்பாட்டுக்கு இவர்களைத்தான் தொட்டுக்கொண்டார். அவர்களோடு எழுதியும் பழகினார்; இவர் தமிழில் எழுதுவார், போன் அதை மாற்றி அனுப்பும். வாய்ப்பேச்சு என்று வந்தால் மாமாவின் இங்கிலீசு ஓகேயில் தொடங்கி தேங்க்யூவில் முடிந்துவிடும் என்பது ஊரறிந்த விஷயம். ஆறாம் வகுப்போடு நின்றவர்.

அவர் எனக்கு அந்த வித்தையை விளக்கியதை இன்றும் அப்படியே சொல்வேன், அத்தனை தடவை கேட்டிருக்கிறேன். பழைய ரயில் இஞ்சின் ஒரு கிணற்றுத் தண்ணீரைச் சுடவைத்துக்கொண்டு ஓடியது. இப்போதைய ஆட்கள் அப்படிச் செய்வதில்லை. நீளமான ஒரு செம்புக் குழாயை முறுக்கு மாதிரிச் சுற்றி நெருப்பில் வைக்கிறார்கள். ஒரு முனையில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினால், மறுமுனைக்கு வரும்போது அது ஸ்டீம் ஆகிவிடும். எந்த நேரம் பார்த்தாலும் குழாய்க்குள் இருப்பது ஒரு டம்ளர் தண்ணீர்தான். அதுதான் இந்தச் சின்ன இஞ்சின்களின் சூட்சுமம், அதுதான் பத்திரமும். "வெடிச்சாலும் ஒரு டம்ளர்தானே" என்றார் மாமா. அம்மா அவரையும் வாய் கொப்பளிக்க அனுப்பினாள். முப்பத்தைந்து வயது ஆள், மறுபேச்சில்லாமல் போய்க் கொப்பளித்துவிட்டு வந்து மிச்சத்தைச் சொன்னார்.

இஞ்சின் என்பது புல்லு வெட்டுகிற பழைய மெஷினிலிருந்து கழற்றியது. பிளக் இருந்த ஓட்டையில் ஒரு இரும்புக் குண்டு. உள்ளே பிஸ்டன் மேலே வந்து அதை முட்டும்போது ஸ்டீம் உள்ளே பாயும், பிஸ்டன் கீழே போகும், திரும்ப மேலே வரும். விறகுக்குப் பஞ்சமில்லை. தேயிலை கவாத்து வெட்டிய மிலாறு, காய்ந்த குச்சிகள், மலை முழுக்கக் கிடந்தது. மூன்று மாதத்தில் மாமா அந்த ஆட்டோவைத் தோட்டத்து விளையாட்டு மைதானத்தில் ஓட்டிக் காட்டினார். இரண்டு சுற்று. சைக்கிள் வேகம்தான், ஆனாலும் புகையும் இரைச்சலுமாக அது வளைந்து வந்தபோது மொத்தத் தோட்டமும் கைதட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, அழுகையே வந்துவிட்டது.

ஆனால் மைதானத்தில் ஆஸ்பத்திரி இல்லை. ஏற்றத்தைக் கண்டதும் வண்டி நாலு தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது. அந்தக் கூட்டத்து ஆட்களுக்கெல்லாம் வீட்டு வாசலிலேயே சமதரையான ரோடு. எங்களுக்கு வாசலைத் தாண்டினால் மலை. மாமா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு பண்டாரவளைக்குப் போய், பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு லொறியின் பிரேக்குக்குக் காற்று அடைத்துவைக்கிற தாங்கியை, இரும்பு டேங்கை, பஸ்ஸில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் இரண்டு ஓட்டை போட்டு, வெல்டிங் வைத்து, ஆட்டோவின் பின்சீட்டுக்கு அடியில் பொருத்தினார். வண்டி நிற்கும்போது ஸ்டீமை அதில் நிரப்பி வைத்துக்கொண்டு ஏற்றத்தில் திறந்துவிடுவது என்பது யோசனை. ஒரு டம்ளரின் பெருமையை நூறு தடவை கேட்ட நான், மாமா இப்போது ஒரு குடத்தைக் கொண்டுவந்து சீட்டுக்கடியில் வைத்திருக்கிறார் என்பதைக் கவனிக்கவே இல்லை. அந்தத் தாங்கியின் படத்தை மட்டும் அவர் கூட்டத்துக்கு அனுப்பவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கூட்டத்தில் ஒருவர் நேரிலேயே வருவதாக எழுதினார். நியூசிலாந்துக்காரர், ஓய்வுபெற்ற பஸ் மெக்கானிக், வீட்டில் இரண்டு நீராவிக் கார் வைத்திருப்பவர். எல்ல என்கிற மலையூரைப் பார்க்க ரயிலில் வருகிறாராம், ஹப்புத்தளையில் இறங்கி மாமாவின் வண்டியைப் பார்த்துவிட்டுப் போகிறாராம். அவர் பார்த்து நல்லது என்று சொல்லிவிட்டால் அடுத்த வாரம் அத்தையைக் கிளினிக்குக்கு அதில்தான் ஏற்றுவேன் என்று மாமா சொன்னார். அம்மா உடனே ஐயரிடம் போய் நேரம் கேட்டுக்கொண்டு வந்தாள். வெள்ளிக்கிழமை, ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால் வரை நல்ல நேரம், பத்தரைக்கு ராகு காலம்.

மொழிபெயர்ப்பு என் பொறுப்பு. நான் எட்டாம் வகுப்பு. ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் வலய மட்டத்தில் இரண்டாம் இடம் வாங்கியிருந்தேன். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பது மாதிரி, எங்கள் பக்கத்துக்கு நான்தான் இங்கிலீசு. நிவாரணப் படிவம் வந்தால் என்னிடம் வரும், மருந்துப் போத்தல் வந்தால் என்னிடம் வரும். கர்வம் தலைக்கேறியிருந்தது என்று இப்போது சொல்கிறேன். அப்போது கேட்டிருந்தால் திறமை என்று சொல்லியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலையில் தலை பின்னும்போது, "வண்டி ஓடலன்னா?" என்று கேட்டுவிட்டேன். அம்மா சீப்பை நிறுத்தினாள்.

"புள்ளத்தாச்சி நிக்கிற எடம். நல்ல காரியம். இன்னிக்கி ஒன் வாயில ஒரு கெட்ட வார்த்த வந்துச்சுன்னா நாக்குல சூடு வைப்பேன். போ, கொப்பளி."

கொப்பளித்தேன். அன்றைக்குள் இன்னொரு தடவை கொப்பளிக்கும்படி நடந்துகொள்ளக்கூடாது என்று எனக்குள்ளேயே சத்தியம் செய்துகொண்டேன்.

வந்தவர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தார். அரைக்காற்சட்டை, முழங்காலில் ஒரு பிளாஸ்திரி, கையில் பெட்டி ஒன்று. அம்மா அவரைத் தொரை என்றாள். பழக்கதோஷம். தொரை எங்கள் வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றினார், பாயில் உட்கார்ந்தார், ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டுக் கண்ணில் தண்ணீர் விட்டார், இன்னொரு ரொட்டி கேட்டார். அம்மாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. அவர் மாமாவிடம் பேசியதையும் மாமா அவரிடம் பேசியதையும் நான் தண்ணீர் பட்ட பாடாக மாற்றி மாற்றிச் சொன்னேன். எனக்கும் என்னைப் பிடித்துவிட்டது.

ஒன்பதரைக்கு வண்டிக்குப் பூசை. சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம், முன்கண்ணாடிக்கு மாலை, முன்னால் கற்பூரம். அத்தை குங்குமத் தட்டோடு ஆட்டோவின் பின்பக்கமாக நின்றாள். என் தங்கச்சி அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா தேங்காயை உடைத்துவிட்டு மிலாறுக்கு நெருப்பு வைத்தார். ஐந்தே நிமிஷத்தில் ஸ்டீம் வந்தது. தொரை கையைத் தட்டி, செம்புக் குழாயைக் குனிந்து குனிந்து பார்த்து, அந்த இரும்புக் குண்டைப் பற்றி ஏதோ கேட்டு, மாமாவின் தோளில் அடித்தார். மாமா பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவில் நிற்பதுபோல நின்றார். ஸ்டீமின் அழுத்தம் காட்டுகிற மீட்டரில் முள் ஏறிக்கொண்டிருந்தது.

பிறகு தொரை பின்பக்கமாகப் போய், மீட்டரிலிருந்து போகிற குழாய் எங்கே போகிறது என்று பார்ப்பதற்காகச் சீட்டைத் தூக்கினார்.

அவர் முகம் மாறியதை நான்தான் முதலில் பார்த்தேன், ஏனென்றால் அவர் வாயைப் பார்ப்பது என் வேலை. அவர் சத்தம் போடவில்லை. தணிந்த குரலில், ஒவ்வொரு வார்த்தையாக, என்னிடம் சொன்னார். நான் சொல்வதை அப்படியே மாமாவிடம் சொல். இந்தத் தாங்கி இங்கே இருக்கக்கூடாது. இது ஸ்டீமுக்குச் செய்ததல்ல. இதற்குத் தானாக மூச்சு விட வழி இல்லை. இந்த வெல்டிங் விட்டு இது வெடித்தால், இந்தச் சீட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் செத்துப்போவார்கள். இப்போதே நெருப்பை எடுக்க வேண்டும், எல்லாரையும் தூரப் போகச் சொல்ல வேண்டும்.

எல்லாம் எனக்கு விளங்கியது. ஒரு வார்த்தைகூடத் தெரியாத வார்த்தை இல்லை. அத்தை என்னிடமிருந்து ஒரு முழம் தள்ளி, வயிற்றின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, என் வாயையே பார்த்துச் சிரித்தபடி நின்றாள். கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். வெடிக்கும், செத்துப்போவார்கள் என்கிற இரண்டு சொல்லும் தமிழாகி என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. பிள்ளைத்தாச்சியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவற்றைச் சொன்னால், சொன்னதனாலேயே அது நடந்துவிடும் என்று அந்தக் கணத்தில் எனக்குச் சத்தியமாகத் தோன்றியது. மலைக்குக் கேட்டது தாங்கிக்குக் கேட்காதா?

"என்ன பாப்பா சொல்றாரு?" என்று மாமா கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்காம் மாமா" என்றேன். மனசு உறுத்தியது. "சீட்ட மட்டும் கொஞ்சம் மாத்தி வச்சா இன்னும் நல்லா இருக்குமாம்."

தொரை மாமாவைப் பார்த்தார். மாமா சிரித்த முகமாக இருந்தார். தொரை என்னிடம் திரும்பி, நான் சொன்னதைச் சொன்னாயா என்று கேட்டார். யெஸ் என்றேன். ஒரு பொய்க்குத் துணையாக இன்னொன்று, இரண்டு பாஷையில்.

மாமா ஒரு விநாடி என்னையே பார்த்தார். பிறகு சாவகாசமாக, அத்தையைப் பார்த்து, "நீ உள்ள போய் அவருக்கு ஒரு பிளேன்டீ ஊத்து. நம்ம வீட்டுல இல்ல, அங்கிட்டு அடுத்த வரிசையில கடைசி வீட்டு அக்கா வீட்டுல போய் ஊத்து, அவங்ககிட்ட இஞ்சி இருக்கு" என்றார். அம்மாவைப் பார்த்து, "அக்கா, வெத்தல பாக்கு இல்லாம தொரைய அனுப்புறதா? சந்தியில போய் வாங்கிட்டு வா. புள்ளைங்களையும் கூட்டிட்டுப் போ" என்றார். அம்மாவுக்கு அது தோன்றாமல் போனதில் வெட்கமாகிவிட்டது. தங்கச்சியை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

"நான் போனா யாரு பேசுறது?" என்றேன்.

"தொரையையும் கூட்டிட்டுப் போ பாப்பா. சந்தியச் சுத்திக் காட்டு."

அதை நான் தொரையிடம் சரியாகவே மொழிபெயர்த்தேன். தொரை மாமாவைப் பார்த்தார். அவர்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு தொரை தலையை ஆட்டி, தான் வரவில்லை என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து ஒரு தடித்த கையுறையை எடுத்தார். வயசான மனிதர், நடக்கச் சோம்பல்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வெற்றிலையோடு நாங்கள் திரும்பி வந்தபோது நெருப்பு இல்லை. வாசல் முழுக்கக் கரியும் தண்ணீரும். முள் பூச்சியத்தில் கிடந்தது. மாமாவும் தொரையும் வாசலோரத்து மண்வரம்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாமாவின் வலக்கை தண்ணீர் வாளிக்குள் இருந்தது. தொரை என் அப்பியாசக் கொப்பியிலிருந்து கிழித்த தாளில் ஏதோ படம் வரைந்துகொண்டிருந்தார், மாமா இடக்கை விரலால் அதில் ஓரிடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன்டா அணைச்சுட்ட?" என்று அம்மா பதறினாள்.

"ராகு காலம் வந்திருச்சுக்கா."

"பத்தரை ஆகலியே இன்னும்."

"எந்த ஐயரு சொன்ன ராகு காலமும் நிமிசக் கணக்கா வராதுக்கா. முன்னப்பின்ன இருக்கும்."

ராகு காலத்தில் கல்யாணமே பண்ணிக்கொண்ட ஆள் அவர். ஆனால் அம்மா அதை நினைக்கவில்லை. தம்பிக்கு ஒருவழியாகப் புத்தி வந்ததே என்று அவளுக்குச் சந்தோஷம். கைக்கு என்ன என்று கேட்டதற்கு, டீ கொட்டிவிட்டது என்றார். அத்தை அப்போதுதான் இஞ்சி போட்ட பிளேன்டீயோடு அடுத்த வரிசையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். அதையும் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை, வலய மட்டத்தில் இரண்டாம் இடம் வாங்கியவள்.

தொரை சாயங்கால ரயிலுக்குக் கிளம்பும்போது அம்மாவின் வெற்றிலையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். என்னிடம் வந்தார். என்னவோ சொல்ல வந்தவர்போல இருந்தது. கடைசியில் என் கையைக் குலுக்கினார், அவ்வளவுதான். பெரிய பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றிரவு நான் தூங்கவில்லை என்று எழுதினால் பொய். நன்றாகத் தூங்கினேன். மறுநாள் காலையில் எழுந்து வந்தால் மாமா அந்தத் தாங்கியைக் கழற்றி, கட்டுப்போட்ட கையோடு, இரும்பு அறுக்கிற வாளால் இரண்டாக அறுத்துக்கொண்டிருந்தார். ஒரு பாதியில் அத்தை பிறகு கறிவேப்பிலை நட்டாள். ஏன் மாமா என்றேன். சீட்டை மாற்றச் சொன்னாராமே என்றார். எனக்கு நெஞ்சிலிருந்த கல் இறங்கிவிட்டது. கெட்ட வார்த்தை ஒன்றையும் வாயால் சொல்லாமல், சீட்டு என்கிற ஒரே சொல்லை நைசாக நுழைத்து, ஒரு பெரிய ஆபத்தை நானே தவிர்த்துவிட்டதாக நினைத்தேன். அந்த நினைப்பை வைத்துக்கொண்டு பல வருஷம் வாழ்ந்தேன். ஒரு கட்டுரைப் போட்டியில் சமயோசித புத்தி என்ற தலைப்பில் அதை எழுதக்கூட எழுதினேன்.

அந்த ஆட்டோ ஏற்றம் ஏறவில்லை. அத்தைக்கு வலி வந்தது ஒரு விடிகாலையில். மரக்கறி ஏற்றிப்போன லொறி ஒன்றை மாமா ரோட்டின் குறுக்கே நின்று மறித்தார். எவன் வாசலிலும் நிற்கமாட்டேன் என்றவர், அந்த டிரைவரைக் கையெடுத்துக் கும்பிட்டதாக அத்தை சொல்வாள். முட்டைக்கோவா மூட்டைகளுக்கு நடுவில் அவளை ஏற்றிக்கொண்டு போனார்கள். பெண் பிள்ளை. நல்ல சத்தம் அதற்கு.

இப்போது எனக்குப் பதினெட்டு ஆகி, என் பெயர் வாக்காளர் இடாப்பில் வந்துவிட்டது. போன சித்திரை லீவில் மாமா வீட்டு வாசலில் உட்கார்ந்து அந்தப் பிள்ளைக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்கட்டில் மாமா யாரோடோ போனில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். இங்கிலீசில். இலக்கணம் ஒன்றும் இல்லை, ஆனால் தயக்கமும் இல்லை. வால்வு, பிரஷர், டூ மச், நோ நோ நோ, நீ சொல்வது தப்பு, என்கிற தோரணையில் போய்க்கொண்டிருந்தது. எதிர்முனையில் சிரித்தது அந்தத் தொரை.

போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து உட்கார்ந்தவரிடம், "எப்பருந்து மாமா இங்கிலீசு?" என்றேன்.

"அது முந்தியே இருக்கே. ரெண்டு வருசம் தெனம் காதுல விழுந்தா கோழிக்குக்கூட வெளங்கும். வாயிலதான் வராம இருந்துச்சு."

நான் பேன் பார்ப்பதை நிறுத்தினேன். பிள்ளை நெளிந்தது. "அப்ப அன்னிக்கி அவர் சொன்னது?"

"பூராவும் வெளங்கல." மாமா என்னைப் பார்க்கவில்லை. "டேங்க், வெல்டிங், டெட். மூணு போதாதா?"

"பின்ன ஏன் என்கிட்ட கேட்டீங்க?"

"ஒங்கத்த பக்கத்துலல்ல நின்னா. நான் வெளங்குன மாதிரி மூஞ்சிய வச்சிருந்தா அவளுக்குத் தெரிஞ்சிரும். கேட்டுட்டேன், கேட்டதும் பயந்துட்டேன், நீ என்னத்த சொல்லப்போறியோன்னு." போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "நல்ல வேளையா நல்லபடியாத்தான் சொன்ன" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை. அவர் எழுந்து போய்விட்டார். அவருடைய வலக்கை உள்ளங்கையில் தோல் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. தாங்கியிலிருந்து ஸ்டீமைத் திறந்துவிடுகிற பிடி சீட்டுக்கடியில் இருந்தது. அதைக் கையால்தான் திருப்ப வேண்டும். தொரையிடம் இருந்தது ஒரே ஒரு கையுறை. அது யார் கையில் இருந்தது என்று நான் கேட்கவில்லை.

அன்று வெற்றிலை வாங்கப் போனபோது, சந்திக்கு இறங்குகிற வளைவில், எங்களுக்குப் பின்னால் மேலேயிருந்து ஸ்ஸ் என்று ஒரு சத்தம் எழுந்தது. நீளமான சத்தம், மலை முழுக்கக் கேட்டது, நிற்கவே இல்லை. தங்கச்சி காதைப் பொத்திக்கொண்டாள். அம்மா திரும்பிப் பார்த்து முருகா என்றாள். எனக்கோ ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. எங்களை வெற்றிலைக்கு அனுப்பிவிட்டு, மாமாவும் தொரையும் மட்டும் வண்டியை ஓட்டிப் பார்க்கிறார்கள், நல்லதையெல்லாம் அவர்களே அனுபவிக்கிறார்கள் என்று சொல்லி, கடை வரைக்கும் அழுதுகொண்டே போனேன்.